முத்து எழும்பாத நிச்சயம்

எல்லா ஊரிலும் ஒரு நிச்சயதார்த்தம் காலையில் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். புதுச்சேரியில், கடலிலிருந்து மூன்றாவது தெருவில், தையல் டீச்சர் பெர்னதெத்தின் நிச்சயம் மட்டும் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு தொடங்கி, தபசுகாலம் வந்து போய், ஈஸ்டர் வந்து போய், மார்க்கெட்டில் மாம்பழம் வந்து குவிந்து, அதுவும் அழுகத் தொடங்கிய பிறகும் முடியாமல் நடுவில் நின்றது. காரணம், கிளாஸில் முத்து எழும்பவில்லை.

அந்தத் தெருவிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் இருந்த குடும்பங்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று, அங்கே முத்துக்கலவை என்கிற பானம் இல்லாமல் ஒரு விசேஷமும் நடக்காது. அதைச் செய்வது லேசுப்பட்ட காரியமல்ல. முதல் நாளே நுரை ஒயின் பாட்டில்களை அண்டாவில் ஐஸும் கல்லுப்பும் கொட்டிப் படுக்க வைக்க வேண்டும். பழக்காலத்தில் பிழிந்து சீசாவில் அடைத்து வைத்த நாவல்பழச் சாற்றில் சர்க்கரை போட்டுத் தேன் பதத்துக்குக் காய்ச்சி ஆறவிட வேண்டும். பிராந்தியில் ஊறிய நார்த்தங்காய்த் தோலின் கசப்பைக் கட்டிச் சர்க்கரையில் அது நனைகிற அளவுக்குச் சொட்டி, அந்தக் கட்டியை நெட்டைக் கிளாஸின் அடியில் இறக்கி, மேலே நாவல் பாகு கொஞ்சம் விட்டு, அப்புறம்தான் பாட்டிலைத் தொட வேண்டும். தக்கையைத் திருகக் கூடாது, தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருக வேண்டும். பட்டென்று வெடித்தால் விசேஷ வீட்டுக்கு அவமானம், ஆள் பெருமூச்சு விடுகிற சத்தம்தான் வர வேண்டும். கிளாஸைச் சாய்த்து ஓரமாக ஊற்றினால் அடியில் கிடக்கும் ஊதா மெல்ல ஏறி இளஞ்சிவப்பாகும், சர்க்கரையிலிருந்து குமிழி முத்து முத்தாகக் கிளம்பி ஒரே கோடாக மேலே வரும். ஊற்றினவர் அதைப் பார்த்துவிட்டு “முத்து எழும்பிச்சு” என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். சொன்னால்தான் பெரியவர்கள் குடிப்பார்கள், குடித்தால்தான் நிச்சயம் செல்லும், ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைக்குப் பெயர் ஒட்டும், ரிட்டையரானவர் ரிட்டையர் ஆவார். கோயிலில் சாமியார் செய்தது பாதி என்றால் மீதிப் பாதி இதுதான் என்று அந்தச் சனங்கள் நம்பினார்கள்.

ஊற்றுகிறவருக்கு ஒரு முறை இருந்தது. ஊற்றுகிறவர் உட்காரக் கூடாது, தட்டோடு கதவோரம் நிற்க வேண்டும், எல்லாரும் குடித்து முடித்த பிறகு மிச்சமிருந்தால் குடிக்கலாம். மிச்சம் இருந்ததாக வரலாறே கிடையாது. பெர்னதெத்துக்குக் கை வந்தது என்று அவளுடைய சின்ன வயதிலேயே எல்லாரும் சேர்ந்து கண்டுபிடித்துவிட்டார்கள். அன்று முதல் தங்கை கல்யாணம், தங்கை மகள் கோயிலில் புதுநன்மை வாங்கினது, எதிர்வீட்டுக்காரரின் வெள்ளி விழா என்று எல்லாவற்றுக்கும் அவள்தான் ஊற்றினாள். நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போவாள், விசேஷம் முடிந்து வரும்போது புடவை முந்தானை பாகில் ஒட்டிக்கொண்டிருக்கும். “பெர்னதெத் இருக்கா, கவலை என்ன” என்பார்கள். அதைப் பாராட்டு என்றுதான் அவளும் வெகுகாலம் நினைத்திருந்தாள், பாவம்.

நாற்பதைத் தாண்டிய அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது பெரியப்பா சிங்கராயர் என்று சொல்வது பெரியப்பாவுக்குக் கொடுக்கும் மரியாதை. நடந்தது என்னவென்றால், அரசாங்க பஸ் ஓட்டும் தனிஸ்லாஸ் என்பவர், மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாளான ஆள், பள்ளிக்கூட நிறுத்தத்தில் அவள் வந்து ஏறும்வரை வண்டியை எடுக்காமல் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பார். பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டுவான். இது ஒரு நாள் பெரியப்பாவின் காதுக்குப் போனது. நல்ல மனிதர் என்று விசாரித்ததில் தெரிந்தது. நாள் குறித்தார்கள்.

தன்னுடைய நிச்சயத்துக்குத் தானே நாவல் பாகு காய்ச்சி, தானே ஐஸ் உடைத்து, நகையும் பூவுமாகத் தானே கதவோரம் தட்டோடு நின்றாள் பெர்னதெத். வேறு யார் ஊற்றுவது என்று ஒருவரும் கேட்கவில்லை, அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. பாட்டில் பெருமூச்சு விட்டுத் திறந்தது. ஊதா ஏறியது, இளஞ்சிவப்பானது. எல்லாரும் கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் கிளாஸைப் பார்த்தாள். குமிழிகள் சர்க்கரைக் கட்டியைச் சுற்றி அடியில் உட்கார்ந்திருந்தன. நன்றாக உருண்டு, பளபளவென்று, உயிரோடுதான் இருந்தன, ஆனால் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். அப்புறம் ரொம்ப நேரம் காத்திருந்தார்கள். பிரியாணி ஆறியது. விசேஷத்தில் கையில் வாங்கின கிளாஸைக் குடிக்காமல் விசேஷ வீட்டில் வைத்துவிட்டுப் போவது அந்தச் சனங்களுக்கு ஆகாது, முத்து எழும்பாமல் குடிப்பதும் ஆகாது. ஆகவே சாயங்காலம் ஆளாளுக்குக் கிளாஸின் மேல் ஒரு தட்டை மூடி, சிந்தாமல், சாமி ஊர்வலத்தில் மெழுகுவத்தி கொண்டுபோவது போலத் தெருவழியே தங்கள் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது ஒவ்வொருவரும் பெர்னதெத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

“சர்க்கரை பழசா இருக்கும்மா.”

“கிளாஸைச் சோப்புப் போட்டுக் கழுவினியா? அதான்.”

“அவசரத்துல ஊத்திட்ட போல. கல்யாணப் பொண்ணு இல்லியா, கை நடுங்கியிருக்கும்.”

அவள் கை நடுங்கவில்லை. எத்தனையோ பேர் கல்யாணத்துக்கு நடுங்காத கை தன் நிச்சயத்துக்கு மட்டும் நடுங்குமா என்று கேட்க வாயெடுத்து, தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் பார்த்தால் ஒயின் கெடவில்லை, வாசம் போகவில்லை, எறும்பு அண்டவில்லை, முத்துக்கள் அடியில் அப்படியே குந்தியிருந்தன. வாரம் ஒன்றானதும் ஊர் அதற்குப் பழகிவிட்டது. கிளாஸ்கள் ஃப்ரிஜ்ஜின் மேலும், சேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னாலும், தையல் மெஷின் பலகையிலும், பேங்கில் வேலை பார்க்கும் ஒருவருடைய கவுண்ட்டரிலும் உட்கார்ந்தன. காலையில் எழுந்ததும் ஜன்னலுக்கு ஜன்னல் “உங்களோடது எழும்பிச்சா?” “இல்ல, உங்களோடது?” என்று கேட்டுக்கொள்வது வழக்கமாகி, பிறகு அதுவே குட்மார்னிங்குக்குப் பதிலாக ஆகிவிட்டது. ஆட்டோக்காரர்கள் கடற்கரைக்கு வந்த வெளியூர்க்காரர்களை ஏற்றிவந்து ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். வந்தவர்கள் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று ஐஸ்கிரீம் சாப்பிடப் போனார்கள்.

சிங்கராயர் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பார். “ஒரு விசேஷம் பாதியில நிக்கிறப்ப, அடுத்த விசேஷத்தை எப்படிங்க ஆரம்பிக்கிறது?” என்றார். நியாயம்தான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அதனால் மாசியில் ரிட்டையராக வேண்டிய ஹெட்மாஸ்டர் சவேரிநாதன் ரிட்டையராகாமல் தினமும் பள்ளிக்கூடம் போனார், அவருடைய நாற்காலியில் உட்கார வந்த புது ஹெட்மாஸ்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பிலோமினா அத்தைக்கு அறுபது பிறக்கவில்லை, ஐம்பத்தொன்பதிலேயே நின்று பூரித்துப்போய்த் தலைக்கு மை போட ஆரம்பித்தாள். ஒரு குழந்தை ஞானஸ்நானம் வாங்கியும் பெயர் ஒட்டாமல் பாப்பா, பாப்பா என்றே கூப்பிடப்பட்டுப் பல் முளைத்துவிட்டது. சாவு மட்டும் விசேஷக் கணக்கில் வராததால் தடையில்லாமல் நடந்தது. இதற்கெல்லாம் பழி பெர்னதெத்தின் தலையில் விழுந்தது. ஆனால் சொல்லிவைத்த மாதிரி ஒருவருக்கும் அவசரம் இல்லை. ஹெட்மாஸ்டருக்கு வீட்டில் உட்காரப் பயம், அத்தைக்கு அறுபது பயம். பெரியப்பாவுக்கோ, இவள் போய்விட்டால் அடுத்த விசேஷத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பயம், அதை அவர் வெளியே சொல்லவில்லை.

அவசரம் இருந்தது அவளுக்குத்தான். தனிஸ்லாஸைக் காரைக்கால் டிப்போவுக்கு மாற்றியிருந்தார்கள். பள்ளிக்கூடங்கள் திறக்கிற வாரம் போய்ச் சேர வேண்டும். நிச்சயம் முடிந்து, கல்யாணம் முடிந்து, இரண்டு பேருமாகப் போவது என்றுதான் பேச்சு. முடியாமல் அவர் மட்டும் போனால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள், அந்த அப்புறம் வராது என்பது அவளுக்குத் தெரியும். அவள் வாழ்க்கையில் எத்தனையோ அப்புறங்கள் இப்படித்தான் வராமல் போயிருக்கின்றன.

மனிதர் வேறு விசித்திரமாக மாட்டிக்கொண்டார். நிச்சயத்துக்கு என்று வந்த மாப்பிள்ளை குடித்து முடிக்கும்வரை வராமல் இருக்கக் கூடாது, நிச்சயம் முடியாத மாப்பிள்ளையைப் பெண்ணோடு தனியாகப் பேச விடவும் கூடாது. ஆகவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து, அதே கோட்டும் சூட்டுமாக வந்து, அதே நாற்காலியில், கையில் அதே கிளாஸோடு உட்கார்ந்திருப்பார். சித்திரை வெயிலில் கோட்டுக்குள் வெந்து, வியர்வை புருவத்தில் சொட்டும். பெர்னதெத் கதவோரம் தட்டோடு நின்று அவரைப் பார்ப்பாள். அவர் அவளைப் பார்த்துவிட்டுக் கிளாஸைப் பார்ப்பார்.

“இன்னா பண்றது,” என்பார்.

“என்னைக் கேட்டா?” என்பாள் அவள். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள முடிந்த பேச்சு அவ்வளவுதான்.

அவள் சும்மா இருக்கவில்லை. வாராவாரம் புதுப் பாட்டில் திறந்தாள். காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்தும் ஒன்றுவிட்ட தம்பி வந்து, “அக்கா, கிளாஸ் ரொம்பச் சுத்தமா இருந்தா குமிழி பிடிச்சு எழும்ப இடம் இருக்காது” என்றான், சொன்னது சரிதான், அவள் உப்புத்தாள் வாங்கிக் கிளாஸின் அடியை உள்ளுக்குள் தேய்த்தாள். முத்துக்கள் அந்தச் சொரசொரப்பில் இன்னும் வசதியாக உட்கார்ந்தன. சாம்பல் போட்டுக் கழுவினாள். கழுவாமல் ஊற்றினாள். உலர்ந்த திராட்சையைப் போட்டால் அது குமிழியைச் சுமந்துகொண்டு மேலும் கீழும் ஆடும் என்று யாரோ சொன்னார்கள், போட்டாள், அது போய் முத்துக்களுக்கு நடுவில் இடம் பிடித்துக்கொண்டது. சாமியாரைக் கூட்டிவந்தார்கள். அவர் தீர்த்தம் தெளித்துப் பார்த்து, தாடியைச் சொறிந்து, “கானாவூர் கல்யாணத்துல தண்ணி திராட்சை ரசமாச்சுன்னு பைபிள்ல எழுதியிருக்கு. ரசம் ஆனப்புறம் எழும்பலைன்னா என்ன செய்யறதுன்னு எழுதலையே அம்மா” என்று சொல்லி, தனக்கும் ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டு போனார். இப்படி ஒவ்வொரு தடவையும் ஒருவர் யோசனை சொல்வார், அவள் செய்வாள், அது பலிக்காது, சொன்னவர் உதட்டைப் பிதுக்கி, “நீ சரியாச் செஞ்சிருக்க மாட்டே” என்பார். பாகு காய்ச்சிக் காய்ச்சி அவள் விரல் நகமெல்லாம் ஊதாவாகிவிட்டது. வகுப்பில் பெண் பிள்ளைகள் அந்த விரலைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். எம்பிராய்டரி போடும் ஊசியை அவள் அந்த ஆத்திரத்தில் இரண்டு முறை ஒடித்தாள்.

அழுகை வந்தாலாவது தேவலை என்று இருந்தது அவளுக்கு. எரிச்சல்தான் வந்தது. தொண்டையில் மாட்டின மீன்முள் போல, விழுங்கினாலும் போகாமல், துப்பினாலும் வராமல், சாப்பிடும்போதும் ஜெபமாலை சொல்லும்போதும் அது அங்கேயே இருந்தது.

தனிஸ்லாஸ் காரைக்கால் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கடைசி முயற்சி என்று கேள்விப்பட்டு எல்லாரும் தத்தம் கிளாஸோடு வந்து கூடத்தில் நிறைந்தார்கள். நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டு பெஞ்சு வந்தது, அதுவும் நிறைந்தது. பெர்னதெத் கதவோரம் நின்றாள். பூசைக்குக் கட்டின புடவைதான், நகை போடவில்லை. மேஜைமேல் கடைசிப் பாட்டில் இருந்தது. ஐஸ் உடைக்கிற தெம்பு அவளுக்கு அன்று இல்லை, பாட்டில் வேர்க்கக்கூட இல்லை.

சிங்கராயர் தொண்டையைச் செருமினார். “ஏம்மா, இன்னொரு தரம் ஊத்திப் பாரு. பொறுமையா ஊத்து. இல்லாட்டி அவர் போயி வேலையில சேரட்டும். அவசரம் ஒண்ணும் இல்ல, அப்புறமாப் பாத்துக்கலாம்.”

“ஆமாமா, அப்புறமாப் பாத்துக்கலாம்” என்றார் ஹெட்மாஸ்டர், கொஞ்சம் வேகமாகவே.

பெர்னதெத் பாட்டிலைக் கையில் எடுத்தாள். தக்கையில் கட்டை விரலை வைத்தாள். அப்போது கூடத்தில் இருந்த அத்தனை முகங்களும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய கையைப் பார்த்தன. அவள் முகத்தைப் பார்த்தது ஒரே ஒரு ஆள், கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்த அந்த ஆள். மனசு சட்டென்று விட்டுப்போய், அவள் பாட்டிலை மேஜையில் வைத்தாள்.

“நான் ஊத்தலை பெரியப்பா.”

“என்னம்மா?”

“என் நிச்சயம் இது. எத்தனை பேருக்கு ஊத்தியிருப்பேன், ஒருத்தர்கூட எனக்கு ஊத்தினது கிடையாது. உட்காருன்னு சொன்னதுகூடக் கிடையாது. இன்னிக்கு யாராவது ஊத்துங்க. நான் உட்காந்து குடிக்கறேன்.”

கூடம் திகைத்துப்போனது. முத்து எழும்பாததற்குக்கூட அவர்கள் இப்படித் திகைக்கவில்லை. பிலோமினா அத்தை, “எங்களுக்குக் கை வராதேடி” என்றாள். ஹெட்மாஸ்டர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். தங்கை, “சர்க்கரை எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதேக்கா” என்று சொல்லும்போதே குரல் இறங்கிப்போனது. பெரியப்பா, “முறைன்னு ஒண்ணு இருக்குதேம்மா, ஊத்துற கைய எப்படி மாத்தறது” என்று ஆரம்பித்து, யாராவது ஆமாம் போடுவார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். ஆளாளுக்குத் தங்கள் கிளாஸைப் பார்த்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர உட்கார அவளுக்கு நாற்காலி இல்லை. அந்தக் கூடத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி என்றுமே போட்டதில்லை என்பதை அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள், பார்த்தும் அவரவர் நாற்காலியை அவரவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

தனிஸ்லாஸ் எழுந்தார். கையிலிருந்த கிளாஸை, இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தடவைகூடக் கீழே வைக்காத கிளாஸை, தரையில் வைத்தார். “இதுல உட்காருங்க” என்று தன் நாற்காலியைக் காட்டினார். கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

உள்ளேயிருந்து டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. ஏதோ ஒன்று கீழே விழுந்தது. “இது சர்க்கரைதானே?” என்று ஒரு குரல் கேட்டது, பிறகு அதுவே “உப்பு” என்று பதில் சொல்லிக்கொண்டது. அப்புறம் பட்டென்று வெடித்தது. தக்கை கதவு வழியே பறந்து வந்து மின்விசிறியில் பட்டு பெரியப்பாவின் மடியில் விழுந்தது. அவர் அதைக் கையில் எடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உதவிக்குப் போகலாமா என்று ஹெட்மாஸ்டர் பெஞ்சின் விளிம்புவரை நகர்ந்தார், அங்கேயே நின்றுவிட்டார். பெர்னதெத் நாற்காலியில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதுகு சாய்க்க எப்படி இருக்கிறது என்று சாய்த்துப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது.

தனிஸ்லாஸ் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு வந்தார். வழிய வழிய ஊற்றியிருந்தார், நடந்து வந்த வழியெல்லாம் ஊதாச் சொட்டு. கொடுக்கும்போது அவள் புடவையிலும் கொஞ்சம் கொட்டியது.

“கிளாஸ் எங்கன்னு தெரில,” என்றார். “பாகு கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு.”

கூடம் முழுவதும் எழுந்து எக்கிப் பார்த்தது. டம்ளருக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. அதைக் கையில் வாங்கின பெர்னதெத் ஒருத்திதான் குனிந்து பார்த்திருக்க முடியும், அவள் குனியவில்லை. டம்ளரை அண்ணாந்து வாயில் கவிழ்த்து, நடுவில் நிறுத்தாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

“எழும்பிச்சா?” என்றார் சிங்கராயர். “ஏம்மா, சொல்லும்மா, முத்து எழும்பிச்சா இல்லையா?”

“அக்கா, பாத்தியாக்கா?”

“ஒரு வார்த்தை சொல்லேன்டி, கையில வச்சிகிட்டே நிக்கறோமே!”

 அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ஒயின் வெதுவெதுவென்று இருந்தது, பாகு நாக்கில் பிசுபிசுத்தது, நார்த்தங்காய்க் கசப்பைப் போடவே மறந்திருந்தார், போதாக்குறைக்கு எங்கேயோ கொஞ்சம் உப்பும் கரித்தது. பரீட்சைத் தாள் வாங்க வந்த பிள்ளை போல அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

“கண்றாவியா இருக்கு,” என்று சொல்லி டம்ளரை அவரிடம் நீட்டினாள். “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”